மனநல மருத்துவர்கள் பட்டம் வாங்கிய பிறகும் படிக்கிறார்களா?

நீங்கள் கேட்டது மூன்று வரிதான். அம்மாவுக்கு 66 வயது, இருமுனையப் பிறழ்வு (பைபோலார்), அதாவது மனநிலை ஒரு சமயம் அளவுமீறி ஏறி, ஒரு சமயம் ஆழமாக இறங்கும் நோய். 19 வருடமாக ஒரே மனநல மருத்துவரிடம் காட்டுகிறீர்கள். அவருக்கும் எழுபது நெருங்குகிறது, லித்தியம் முதலான மாத்திரைகள் ஏறக்குறைய மாறவே இல்லை. "பட்டம் வாங்கிய பிறகு இவர்கள் மறுபடி படித்தாக வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தைப் பற்றிய பதில் ஒரு பத்தியில் முடிந்துவிடும். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். இந்த டாக்டரை இன்னும் நம்பலாமா, பழைய மாத்திரை என்றால் பழைய அறிவு என்று அர்த்தமா, வீட்டில் இருப்பவர்கள் அதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் மனநலத்தில் எம்.டி. முடித்து 24 வருடம் ஆகிறது. சில வருடம் மருத்துவக் கல்லூரியில் பி.ஜி. (முதுநிலை) மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அப்புறம் ஒரு மாவட்டத் தலைநகரில் சொந்த கிளினிக். உங்கள் டாக்டரை எனக்குத் தெரியாது, அம்மாவின் கேஸ் ஷீட்டையும் பார்த்ததில்லை. அதனால் அவரைப் பற்றித் தீர்ப்பு எதுவும் இதில் இருக்காது.

முதலில் சட்டம். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் கொண்டுவந்த தொழில் நடத்தை விதிகளின்படி, ஒவ்வொரு மருத்துவரும் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டு, அதைக் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் வட்டத்தில் இதை சிஎம்இ என்போம். அந்த மணிக்கணக்கு கிரெடிட் ஹவர். 2020 செப்டம்பரில் பழைய கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய நடத்தை விதிகளை வெளியிட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் 23ஆம் தேதி அவற்றை நிறுத்திவைத்தது. ஆக, 2002 விதிகளுக்கே திரும்பினோம். கிரெடிட் ஹவர் கணக்கைப் பார்ப்பது மாநில மருத்துவக் கவுன்சில்களின் வேலை. அதில் கண்டிப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

சரி, இந்த 30 மணி நேரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வருடத்துக்கு 6 மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கருத்தரங்குக்குப் போனால் அந்த வருடம் முடிந்தது. எந்தத் துறையில் படிக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை, ஆகவே ஒரு மனநல மருத்துவர் சர்க்கரை நோய் பற்றிய கூட்டங்களுக்கே போய்க்கூட கணக்கை நிரப்பிவிடலாம். போய் உட்கார்ந்தால் போதும், புரிந்ததா என்று யாரும் சோதிப்பதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு உங்கள் அம்மாவின் மருந்துச் சீட்டில் ஏதாவது மாறியதா என்று எந்தக் கவுன்சிலும் பார்ப்பதில்லை. உங்கள் டாக்டரிடம் சான்றிதழ்கள் ஒரு கட்டு இருந்தாலும், அவர் இன்றைய மருத்துவத்தில் இருக்கிறாரா என்பதற்கு அவை பதில் ஆகாது. சான்றிதழ் இல்லாதவர் படிக்காதவர் என்றும் சொல்லிவிட முடியாது.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் அல்ல. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, மருத்துவர்களுக்கான கல்வி நிகழ்ச்சிகளைப் பற்றிய 14 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மேடையில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் வகை நிகழ்ச்சிகள் மருத்துவரின் நடைமுறையை மாற்றுவதாகத் தெரியவில்லை. தாங்களே செய்து பார்க்கவும் விவாதிக்கவும் இடம் இருந்த நிகழ்ச்சிகள் ஓரளவு மாற்றின. பிறகு வந்த பெரிய தொகுப்பாய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன: பலன் உண்டு, ஆனால் சிறியது. நோயாளிக்கு அதனால் என்ன நன்மை கிடைத்தது என்று பார்த்தால் ஆதாரம் இன்னும் மெலிகிறது. 2005இல் வந்த இன்னொரு ஆய்வு உங்கள் கவலைக்கு நேராகத் தொடர்புள்ளது. மருத்துவரின் அனுபவ ஆண்டுகளையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளை அது திரட்டியது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், ஆண்டுகள் கூடக்கூட, அளந்து பார்த்த எல்லா அம்சங்களிலும் தரம் குறைந்திருந்தது. படித்தபோது எனக்கு வலித்தது, ஆனால் மறுக்க முடியவில்லை. அதே சமயம் அந்த ஆய்வுகள் பல துறைகளைக் கலந்தவை, மனநலத்துக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. புதிய வழிகாட்டுதல் தெரியுமா என்று அளப்பது சுலபம். 19 வருடமாக ஒரு குடும்பத்தைத் தெரிந்தவர், அம்மா இரண்டு நாள் தூக்கம் கெட்டதைக் கேட்டதும் அடுத்து என்ன வரப்போகிறது என்று உணர்ந்துகொள்வாரே, அதை அளப்பது சுலபம் இல்லை. அந்த அறிவு வயதோடு கூடுகிறது என்றே நினைக்கிறேன். இது என் நம்பிக்கை, நிரூபணம் அல்ல.

மனநலத்துறையில் மறுபடி படிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உங்கள் டாக்டரின் தலைமுறையையே எடுத்துக்கொள்கிறேன். இன்று எழுபதை நெருங்கும் ஒருவர் பெரும்பாலும் 1980களின் நடுவில் எம்.டி. அல்லது டி.பி.எம். (மனநலப் பட்டயப் படிப்பு) முடித்திருப்பார். அப்போது நடப்பில் இருந்தது 1912ஆம் ஆண்டின் லூனசி சட்டம். பிறகு 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வந்தது, அப்புறம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். ஒரே ஆளின் தொழில் வாழ்க்கையில் மூன்று சட்டங்கள். நோய்களை வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் மூன்று: அவர் படித்தது 9ஆம் பதிப்பு, பல வருடம் பயன்படுத்தியது 10ஆம் பதிப்பு, 2022 ஜனவரி 1 முதல் 11ஆம் பதிப்பு. அவர் பரீட்சைக்குப் படித்த மருந்துகள் குளோர்புரோமசின், ஹாலோபெரிடால், இமிப்ரமின், அமிட்ரிப்டிலின், லித்தியம் என்று ஒரு கைக்குள் அடங்கும். ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் என்று அவர் இன்று தினமும் எழுதும் மருந்துகள் பெரும்பாலும் பட்டத்துக்குப் பிறகு அறிமுகமானவை. அவற்றை யாரிடம் கற்றார் என்பதுதான் கேள்வி. நேர்மையாகச் சொன்னால், இந்தியாவில் எங்களில் பலருக்குப் புது மருந்தை முதலில் அறிமுகப்படுத்தியவர் மருந்துக் கம்பெனியின் ரெப், அதாவது விற்பனைப் பிரதிநிதி. இதற்குக் கீழே திரும்ப வருகிறேன்.

புதிதாகக் கற்பதைவிடக் கற்றதைக் கைவிடுவது கஷ்டம். அந்தக் காலத்தில் மயக்க மருந்து இல்லாமல் நேரடியாக மின் அதிர்வு சிகிச்சை கொடுப்பது சாதாரணம். அப்படிப் பார்த்துப் பழகியவர்கள்தான் எங்கள் ஆசிரியர்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுப்பதை 2017 சட்டம் தடை செய்துவிட்டது. 18 வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலரின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரை முன்பு குற்றவாளி போலப் பார்த்தோம், ஆஸ்பத்திரியில் போலீஸ் கேஸ் பற்றிய பேச்சுதான் முதலில் வரும். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது புதிய சட்டம். இதையெல்லாம் யாராவது ஒருவர் உட்கார்ந்து விளக்காவிட்டால் ஒரு மருத்துவருக்குத் தானாகத் தெரியாது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஓரினச்சேர்க்கை 9ஆம் பதிப்புப் பட்டியலில் ஒரு கோளாறாகவே இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே தன் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டது, உலக சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது. ஆனாலும் நம் ஊரில் பெற்றோர் பிள்ளையைக் கூட்டிவந்து "மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்பதும், சில மருத்துவர்கள் அதற்கு மாத்திரை எழுதுவதும் நிற்கவில்லை. இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2018இல் இது நோய் அல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது. 2021இல் ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே போதுமான புரிதல் இல்லை என்று தீர்ப்பில் எழுதி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். மாற்றும் சிகிச்சைக்குத் தடை, மருத்துவப் பாடத்தில் திருத்தம் என்று அந்த வழக்கு வளர்ந்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், மாற்றும் சிகிச்சை தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதியது. ஒரு நீதிபதி தனக்குத் தெரியாது என்று எழுதிவைத்துவிட்டுப் படித்தார். அதை எங்கள் துறையில் நிறையப் பேர் அதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். இன்றும் பி.ஜி. மாணவர்களிடம் தொடர் கல்வி பற்றிப் பேச நேர்ந்தால் நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான்.

மருந்திலும் இப்படிக் கைவிட வேண்டியவை உண்டு. வால்புரோயேட் ஒரு உதாரணம். வலிப்புக்கும் இருமுனையப் பிறழ்வுக்கும் நல்ல மருந்துதான். ஆனால் கர்ப்ப காலத்தில் தாய் அதைச் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது, நூற்றுக்கு 30 முதல் 40 குழந்தைகளுக்கு வளர்ச்சியில் பிரச்சினை வருகிறது. 2018இல் ஐரோப்பிய மருந்து முகமை கடுமையான கட்டுப்பாடு விதித்தது. நான் படித்த காலத்தில் 22 வயதுப் பெண்ணுக்கு அதை எழுத ஒரு நிமிடம்கூட யோசிக்க மாட்டோம். "கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்பார்கள் வீட்டில். கல்யாணம் முடிந்து அவள் வேறு ஊருக்குப் போய், மாத்திரை சாப்பிடுவதையே புகுந்த வீட்டில் மறைத்து, மூன்று மாதம் கழித்துத்தான் கர்ப்பம் என்று போன் வரும். கேடு விளைவது முதல் சில வாரங்களில். ஆகவே கல்யாணப் பேச்சு தொடங்கும் முன்பே, முதல் சீட்டு எழுதும் நாளிலேயே, அந்தப் பெண்ணிடம் இதைப் பேசிவிட வேண்டும்.

என் நடைமுறை எப்படி மாறியது என்பதையும் சொல்கிறேன், இந்தப் பதிலின் மையம் அதுதான். எங்கள் துறையில் டிஎச்பி என்று ஒரு மாத்திரை உண்டு, முழுப்பெயர் டிரைஹெக்சிஃபெனிடில். மனநோய் மருந்துகளால் வரும் நடுக்கம், விறைப்பு இவற்றைக் குறைக்கக் கொடுப்பது. நான் பி.ஜி. படிக்கும்போது ஹாலோபெரிடால் எழுதினால் பக்கத்திலேயே டிஎச்பியும் எழுதிவிடுவோம், கை தானாக எழுதும். எல்லோருக்கும் வழக்கமாக அதைக் கொடுக்க வேண்டியதில்லை, வயதானவர்களுக்கு ஞாபக மறதியும் மலச்சிக்கலும் வரும் என்று இரண்டு கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் எனக்குக் கிரெடிட் ஹவர் கிடைத்தது. இரண்டு முறையும் திங்கட்கிழமை ஓபியில் பழையபடிதான் எழுதினேன். அறுபது பேர் காத்திருக்கும்போது பழைய சீட்டைப் பார்த்து "அதே மாத்திரை தொடரட்டும்" என்று எழுதுவதுதான் கைக்கு வரும்.

அப்புறம் பக்கத்து ஊர்களில் இருக்கும் ஐந்து மனநல மருத்துவர்கள் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு கூடத் தொடங்கினோம். ஒவ்வொருவரும் தனக்குச் சிக்கிக்கொண்ட ஒரு கேஸை, பெயரை மறைத்து, கொண்டுவர வேண்டும். ஒரு மாதம் நான் கொண்டுபோனது 63 வயதுக்காரர் ஒருவரின் கேஸ். மனச்சிதைவு அடங்கிவிட்டது, ஆனால் மறதி கூடிக்கொண்டே போகிறது, டிமென்ஷியா தொடங்குகிறதா என்பது என் சந்தேகம். எங்களில் வயதில் இளையவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "சார், இவருக்கு டிஎச்பி எதுக்கு சார் இன்னும் ஓடுது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 11 வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன், நடுக்கம் வரவில்லை. அடுத்த முறை அவர் மகள், "அப்பா இப்ப பேப்பர் படிச்சா என்ன படிச்சார்னு சொல்றார் டாக்டர்" என்றாள். அந்த வாரமே என் கிளினிக்கில் டிஎச்பி சாப்பிடும் எல்லோருடைய சீட்டையும் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு கருத்தரங்குகள் மாற்றாததை, என் சொந்தச் சீட்டின் மேல் ஒருவர் விரல் வைத்துக் கேட்ட ஒரு கேள்வி மாற்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கிரெடிட் ஹவர் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் நடக்கிறது. எங்கள் தொழிலில் நோயாளியைத் தற்கொலைக்குப் பறிகொடுக்காத மருத்துவர் அரிது. அறுவை சிகிச்சை நிபுணருக்கு ஒரு மரணம் நேர்ந்தால் ஆஸ்பத்திரியில் அதை எடுத்துப் பேசும் கூட்டம் இருக்கும். தனியாக கிளினிக் நடத்தும் மனநல மருத்துவர் அதை வீட்டில்கூடச் சொல்ல மாட்டார். கடைசி முறை வந்தபோது என்ன கேட்டேன், எதைக் கேட்கவில்லை, எத்தனை நாள் மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்தேன் என்று மற்ற நால்வர் முன்னால் சொல்வது கடினம். சொன்ன பிறகு, எங்கள் ஐவரின் பழக்கமும் மாறியது. ஆபத்து இருக்கும் நோயாளிக்கு இப்போது ஒரு வார மாத்திரைக்கு மேல் கொடுப்பதில்லை, அதையும் வீட்டில் ஒருவர் கையில்தான் கொடுக்கிறோம்.

இங்கிலாந்தில் இந்த யோசனையை முறைப்படுத்தியிருக்கிறார்கள். அங்கே மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி வருடத்துக்கு 50 கிரெடிட் எதிர்பார்க்கிறது. அதோடு, சக மருத்துவர்களின் சிறு குழு ஒன்றில் சேர்ந்து, "இந்த வருடம் எனக்கு எது தெரியவில்லை, எதைக் கற்கப்போகிறேன்" என்று அவர்கள் முன் வைக்கச் சொல்கிறது. 2012 டிசம்பர் முதல் அங்கே எல்லா மருத்துவர்களும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதியை மறு உறுதி செய்ய வேண்டும். அதில் சக ஊழியர்கள், நோயாளிகள் இவர்களின் கருத்தும் சேர்கிறது. அதனால் நோயாளிகள் எந்த அளவுக்குப் பயனடைந்தார்கள் என்பதில் அங்கேயே விவாதம் இருக்கிறது, காகித வேலை கூடிவிட்டது என்ற புகாரும் உண்டு. ஆனால் தனக்கு எது தெரியாது என்பதைத் தானே முடிவு செய்துகொள்ள விடக் கூடாது என்ற அந்த அடிப்படை சரியானது. மருத்துவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிடுவதில் மோசம் என்பதும், திறமை குறைந்தவர்களும் தன்னம்பிக்கை மிகுந்தவர்களும்தான் அதில் மிக மோசம் என்பதும் 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வின் முடிவு.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1947இல் தொடங்கிய இந்திய மனநல மருத்துவச் சங்கம் ஆண்டு மாநாடு நடத்துகிறது, சிகிச்சை வழிகாட்டுதல்களை இலவசமாக வெளியிடுகிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், தொலைவில் இருக்கும் மருத்துவர்கள் தங்கள் கேஸ்களைத் திரையில் வைத்து விவாதிக்கும் வகுப்புகளை நடத்துகிறது. கோவிட் காலத்துக்குப் பிறகு கிளினிக்கை மூடாமல் இரவு எட்டு மணிக்கு மேல் படிக்க முடிகிறது. இது சின்ன விஷயம் இல்லை. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. எங்கள் பக்கம் ஒருவர் மாநாட்டுக்கு மூன்று நாள் போனால், அந்த மூன்று நாளும் அந்த வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது.

ரெப் விஷயத்துக்கு வருகிறேன். மருந்துக் கம்பெனி செலவில் நட்சத்திர ஹோட்டலில் மாலைக் கூட்டம், பேச்சு முடிந்ததும் சாப்பாடு. பல வருடம் எங்கள் தொடர் கல்வியில் பெரும்பகுதி இப்படித்தான் நடந்தது. அங்கே சொல்லப்படுவது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. எந்தத் தலைப்பு தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதில்தான் சாய்வு. புதிதாக வந்த மாத்திரையைப் பற்றி ஆறு கூட்டம் நடக்கும். லித்தியத்தைப் பற்றியோ, மாத்திரையை நிறுத்துவது எப்படி என்பதைப் பற்றியோ ஒரு கூட்டம் நடத்த எந்தக் கம்பெனிக்கும் காரணம் இல்லை. மருத்துவர்கள் கம்பெனிகளிடம் பரிசும் பயணச் செலவும் வாங்கக் கூடாது என்று 2009இல் நடத்தை விதிகளில் சேர்த்தார்கள். இப்படிக் கொடுக்கும் இலவசங்களுக்குக் கம்பெனிகள் வரிவிலக்குக் கோர முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த மருந்து விற்பனை நெறிமுறை, கம்பெனிகள் வெளிநாட்டில் இத்தகைய நிகழ்ச்சி நடத்துவதைத் தடுக்கிறது, செலவுக் கணக்கை வெளிப்படையாக வைக்கச் சொல்கிறது. ஆனால் கம்பெனிக் காசு போனால் அந்த இடத்தில் யார் காசு வரும் என்பதற்கு இன்னும் பதில் இல்லை. அரசும் கவுன்சில்களும் அதை ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது உங்கள் அம்மா. லித்தியம் பழைய மருந்து, மனநலத்தில் அதன் பயன் தெரியவந்தது 1949இல். ஆனாலும் இருமுனையப் பிறழ்வு திரும்ப வராமல் தடுப்பதில் இன்றும் முதல் வரிசையில் இருப்பது அதுதான். சரியாக ஒத்துப்போகும் ஒருவருக்கு 19 வருடமாக லித்தியம் தொடர்வது ஒரு டாக்டர் பின்தங்கிவிட்டார் என்பதற்கு அடையாளம் அல்ல. புது மருந்துகளின் விளம்பரத்துக்கு அசையாமல் அதைத் தொடர்ந்திருக்கிறார் என்றால், அது நல்ல அடையாளமாகக்கூட இருக்கலாம். பார்க்க வேண்டியது மாத்திரையின் வயதை அல்ல, கண்காணிப்பை. 65 வயதைத் தாண்டியவருக்கு ரத்தத்தில் லித்தியம் அளவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்ல நடைமுறை. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வயதாக ஆகச் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றும் வேகம் குறையும், அதனால் நாற்பது வயதில் சரியாக இருந்த அளவு அறுபத்தாறில் அதிகமாகிவிடலாம். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான், ராமிப்ரில், நீர் பிரியும் மாத்திரை ஏதாவது புதிதாகச் சேர்ந்தாலும், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் சாப்பிட்டாலும் லித்தியம் அளவு ஏறும். கத்திரி வெயிலில் தண்ணீர் குறைந்தாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் ஏறும். கை அதிகமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, வாந்தி, பேச்சுக் குழறல் இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் "நீங்கள் படிக்கிறீர்களா" என்று கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். "டாக்டர், அம்மாவுக்கு 66 ஆயிடுச்சு, பிரஷர் மாத்திரையும் சேர்ந்திருக்கு, லித்தியம் இதே அளவு போதுமா, ரத்தப் பரிசோதனை எப்போ எடுக்கணும்?" என்று கேளுங்கள். அவர் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தாலோ, "நல்லவேளை சொன்னீங்க" என்றாலோ, யோசித்துவிட்டு அடுத்த முறை சொல்கிறேன் என்றாலோ, நீங்கள் பயப்படத் தேவையில்லை. தெரியவில்லை என்று சொல்லக்கூடிய மருத்துவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். "இத்தனை வருஷம் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு டெஸ்ட்?" என்று சொல்லி, கடைசியாக லித்தியம் அளவு பார்த்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தால், இன்னொருவரிடம் ஆலோசனை கேட்பது நியாயம். அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், வேலூர் சிஎம்சி என்று எங்கு வேண்டுமானாலும் போகலாம். சிகிச்சை ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அதே 2002 விதிகளில் இருக்கிறது. இன்னொருவரின் கருத்தைக் கேட்பது உங்கள் டாக்டருக்குத் துரோகம் இல்லை. நான் என் நோயாளிகளை நானே அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் வேண்டாம். சந்தேகத்தில் நீங்களாக லித்தியத்தை நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் சில வாரங்களிலேயே நோய் பலமாகத் திரும்பக்கூடும், தற்கொலை ஆபத்தும் கூடும். பரிசோதனைக்குப் போகும்போது, முந்தின இரவு மாத்திரை சாப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகுதான். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், மூட்டுவலிக்குக் கடையில் நேரடியாக வாங்குவதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு டாக்டரின் மேஜை மேல் வையுங்கள். அதில் டிஎச்பி இருந்தால், அது எதற்காக ஓடுகிறது என்று கேளுங்கள்.